குளிரின் மூன்று வேலைகள்: ஈரத் தட்டிலிருந்து குளிரூட்டிய படக்கருவி வரை

வானியல் ஒளிப்படத்துக்காகக் குளிரூட்டிய இலக்கப் படக்கருவி ஒன்றை வாங்க எண்ணும் மாணவர் குழுக்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை டிகிரி வரை குளிரும்?" விற்பனைப் பட்டியல்களும் அந்த எண்ணையே முன்னிறுத்துகின்றன. சுற்றுப்புறத்துக்குக் கீழே 35 டிகிரி, 40 டிகிரி, 45 டிகிரி என்று ஏணி ஏறுகிறது. விலையும் கூடவே ஏறுகிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில், விஜயபுரம், நகரி, புத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வானத்தைப் படமெடுக்க விரும்புவோருக்கு இக்கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. அதற்கான காரணம் இயற்பியலில் பாதி, வரலாற்றில் பாதி. வானியல் படக்கலையில் குளிர் என்பது ஒரே வேலையைச் செய்துவந்த பொருள் அன்று. ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் அது மூன்று வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. இன்றைய விலைப்பட்டியல் மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடுகிறது.

வெப்பம் படக்கலைக்குப் பகை என்பது தெலுங்கு நாட்டில் முதலில் உணரப்பட்ட களங்களுள் ஒன்று குண்டூர். 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய மறைப்பின் பாதை கிருஷ்ணை, கோதாவரிக் கடலோரப் பகுதிகளின் மீது சென்றது. பிரெஞ்சு வானியலர் ஜான்சென் குண்டூரில் இருந்துதான் சூரியத் தழல்களின் நிறமாலையை ஆய்ந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். மேஜர் டென்னன்ட் தலைமையிலான குழு குண்டூரிலேயே மறைப்பை ஒளிப்படமாக எடுத்தது. அந்நாளில் நடைமுறையில் இருந்தது ஈரத் தட்டு முறை. கண்ணாடியின் மீது கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் ஒளிகாட்டி, அப்போதே கழுவியாக வேண்டும். ஈரம் போனால் உணர்திறனும் போயிற்று. ஆகவே ஒளிகாட்டும் நேரத்துக்கு உச்ச வரம்பை விதித்தது காற்றின் வெப்பமும் வறட்சியுமே. சில நிமிட மறைப்புக்கு அது போதும். மங்கலான விண்முகிலை ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்ய அம்முறையால் இயலாது.

1871-இல் மாடொக்ஸ் முன்மொழிந்த ஜெலட்டின் உலர்தட்டு அந்த வரம்பை உடைத்தது. 1887-இல் பாரிசில் திட்டமிடப்பட்ட அனைத்துலக வான வரைபடப் பணியில் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகம் பின்னர்ச் சேர்ந்து, தெற்கே 17 முதல் 23 டிகிரி வரையிலான வானப் பட்டையைக் கண்ணாடித் தட்டுகளில் பதிவு செய்து அட்டவணைப்படுத்தியது. தக்காணத்தில் வானியல் ஒளிப்படம் தொடர்ச்சியான அறிவியல் உழைப்பாக வேரூன்றியது இப்படித்தான். ஆயினும் இன்றைய வானியல் ஆர்வலர்களின் பேச்சில் நிஜாமியா என்ற பெயர் அரிதாகவே வருகிறது. வருந்தத்தக்க மறதி.

உலர்தட்டு வந்தபின் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. பகல் வெளிச்சத்தில் ஒளிகாட்டும் நேரத்தை இரட்டித்தால் பதிவும் இரட்டிக்கும். நள்ளிரவு விண்மீன் ஒளியில் அப்படி நிகழ்வதில்லை. இரண்டு மணி நேரப் பதிவு ஒரு மணி நேரப் பதிவின் இருமடங்கை எட்டாமல் தேய்ந்துபோகிறது. இதை அளந்து விதியாக்கியவர் கார்ல் சுவார்ட்சுசைல்டு. பிற்காலத்தில் கருந்துளைகளின் பேச்சில் நாம் கேட்கும் அதே பெயர். காரணம் வெள்ளி ஹாலைடுப் படிகத்தின் உள்ளே இருக்கிறது. ஒளித்துகள் ஒன்று வந்து விழுந்ததும் படிகத்தில் ஒரு வெள்ளி அணு உருவாகிறது. தனித்த அணு நிலையற்றது. அடுத்த துகள் விரைவில் வந்து துணை சேர்க்காவிட்டால் அது மீண்டும் கரைந்து மறையும். மங்கலான வானத்தில் அடுத்த துகள் தாமதமாகவே வருகிறது; அதற்குள் முதற்பதிவை இழந்துவிடுகிறது படிகம்.

குளிரின் முதல் வேலை இங்கே பிறந்தது. தட்டைக் குளிர்வித்தால் அந்தக் கரைவு மெதுவாகிறது. படிகத்தின் நினைவு நீள்கிறது. 1960-களிலும் 1970-களிலும் மேலைநாட்டு ஆர்வலர்கள் உலர்பனிக்கட்டியால், அதாவது சுமார் -78 டிகிரியில் இருக்கும் திண்மக் கரிமவளிவால், படச்சுருளின் முதுகைக் குளிர்வித்துப் படமெடுத்தனர். குளிர்ந்த சுருளின் மீது காற்றின் ஈரம் உறையாமல் இருக்க, வெற்றிட அறை வைத்தனர். அல்லது ஒளிபுகும் கட்டி ஒன்றைச் சுருளோடு அழுந்தப் பொருத்தினர். அதே நோக்கத்துக்கு நேர்மாறான வழி ஒன்றும் இருந்தது. நைட்ரஜனும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த வளிமத்தில் படச்சுருளைப் பல மணி நேரம் இளஞ்சூட்டில் ஊறவைத்தால், அதன் நீண்டநேர உணர்திறன் பெருகிவிடும். கோடாக் நிறுவனத்தின் டெக்னிக்கல் பான் 2415 என்னும் சுருள் இவ்வாறு பதப்படுத்தப்பட்டு 1980-களில் ஆர்வலர்களின் விருப்பப் பொருளாயிற்று. ஒரே நோய்க்கு ஒருவர் பனிக்கட்டியையும் மற்றவர் அடுப்பையும் மருந்தாகக் கொண்ட காலம் அது. ஆகவே குளிர் என்பது வானியல் படத்தின் இயல்பான தேவை என்று நம்புவதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. அது ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளின் மறதிக்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரங்களில் ஒன்று, அவ்வளவே.

இரண்டாம் வேலையைப் பேச நாம் காவலூருக்குச் செல்ல வேண்டும். விஜயபுரம் பக்கத்திலிருந்து தென்மேற்கே, நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், ஜவ்வாது மலைத்தொடரில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அதனை நிறுவிய வைணு பாப்பு 1927-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர் என்பதால் தட்டுகளின் உலகம் மகனுக்கு வீட்டுப் பழக்கம். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-இல், தாம் எடுத்த ஒளிப்படத் தட்டில் அறியப்படாத ஒரு வால்மீனைக் கண்டார். பாப்பு-போக்-நியூகிர்க் என்று அது பெயர் பெற்றது. இந்தியா திரும்பியபின், தென்வானத்தைப் பெருமளவு காணத்தக்க தாழ்ந்த அகலக்கோட்டில் ஒரு வானாய்வகம் வேண்டும் என்று தேடி அவர் தேர்ந்த இடம் காவலூர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972-இல் யேனாவின் கார்ல் சைசு நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது.

1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியைக் காவலூரின் அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியே பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அளந்தனர். கோள் வந்து சேருமுன்பே விண்மீனின் ஒளி ஒருமுறை குன்றியது. அதை ஒரு புதிய துணைக்கோளின் அடையாளமாக அவர்கள் நேச்சர் இதழில் எழுதினர். இந்தியப் பெருங்கடலின் மீது விமானத்தில் இருந்து அதே நிகழ்வை அளந்த அமெரிக்கக் குழுவின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று. இத்தகைய அளவீட்டுக்கு அந்நாளில் பயன்பட்ட கருவி ஒளிப்பெருக்கிக் குழாய். ஒளி பட்டதும் மின்னணுவை உமிழும் அதன் முகப்பு, ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் சில மின்னணுக்களை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பொய்த் துடிப்புகளை அடக்கவே இத்தகைய குழாய்களைக் குளிர்பெட்டியில் வைக்கும் வழக்கம் வானாய்வகங்களில் வேரூன்றியது. படிகத்தின் மறதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. முன்னதில் குளிர் நினைவைக் காத்தது. பின்னதில் கற்பனையைத் தடுத்தது.

அதே யுரேனசு, அதற்கு ஓராண்டு முன்னர், இன்னொரு வரலாற்றில் இடம்பெற்றிருந்தது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் சுமித்தும் கண்டறிந்த மின்னூட்டப் பிணைப்புக் கருவி, அதாவது சி.சி.டி., தொலைநோக்கியில் பொருத்தப்பட்டு 1976-இல் அரிசோனாவில் எடுத்த தொடக்கப் படங்களுள் ஒன்று யுரேனசுடையது. (அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு 2009-இல்தான் வந்தது.) ஒளிப்படத் தட்டு தன்மீது விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டையே பதிவு செய்தது, சி.சி.டி. பாதிக்கு மேல் பதிவு செய்தது. வானியலர்கள் தட்டைக் கைவிட இந்த ஒரு கணக்கே போதுமானதாக இருந்தது.

ஆனால் சிலிக்கன் தன் வெப்பத்தாலேயே மின்னணுக்களை விடுவிக்கிறது. இருட்டில் மூடிவைத்தாலும் ஒவ்வொரு படப்புள்ளியும் மெல்ல நிறைந்துகொண்டிருக்கும். இதற்கு இருள் மின்னோட்டம் என்று பெயர். ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரி குளிர்ச்சிக்கும் இது பாதியாகிறது. தொடக்ககாலச் சி.சி.டி.களில் இது மிகப் பெரிது. அறை வெப்பத்தில் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ படப்புள்ளி முழுதும் நிரம்பிவிடும். ஆகவே வானாய்வகங்கள் திரவ நைட்ரஜனை நாடின. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று, பாப்பு மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், அவர் பெயரிலேயே திறந்துவைக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அதன் குவியத்தில் திரவ நைட்ரஜனால் குளிர்ந்த சி.சி.டி.கள் இடம்பெற்றன. எனினும் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. அதே வளாகத்தின் சுமித்து வகைத் தொலைநோக்கியில் 1988 பிப்ரவரி 17 அன்று இராஜமோகன் கண்டறிந்து, பின்னர் 4130 இராமானுஜன் என்று பெயரிடப்பட்ட சிறுகோள், ஒளிப்படப் பதிவின் வழியே கிடைத்ததுதான். பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்துக் குவிமாடங்களில் வேலை செய்த அந்தச் சில ஆண்டுகளைத் தனியே ஆராயலாம். ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் கவனிக்க.

திரவ நைட்ரஜன் ஆர்வலரின் மொட்டைமாடிக்கு வராது. வந்தது 1834-இல் பெல்ட்டியே கண்ட விளைவு: இருவகைக் கடத்திகளின் சந்திப்பில் மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு முகம் குளிர்கிறது, மறுமுகம் சூடாகிறது. 1989-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா இன்சுட்ருமென்ட் குரூப் வெளியிட்ட எஸ்.டி.-4 இவ்விளைவால் குளிர்ந்தது. அதன் உணரியில் 192-க்கு 165 படப்புள்ளிகளே இருந்தன. 1994-இல் ரிச்சர்டு பெர்ரியும் கூட்டாளிகளும் எழுதிய நூல் ஒன்று, உணரி, பெல்ட்டியே தகடு, தண்ணீர்க்குழாய் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே படக்கருவி செய்யும் முறையைச் சமையற்குறிப்புப்போல் விவரித்தது. நூலின் பெயரிலும் அச்சொல்லே இருந்தது. அடுத்த இருபதாண்டுகள் சி.சி.டி.யின் காலம். 2015-இல் சோனி நிறுவனம் சி.சி.டி. உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது ஆர்வலர்கள் கலங்கினர். 2016-இல் சீனாவின் சூசோ நகரத்து நிறுவனமான இசட்.டபிள்யூ.ஓ. வெளியிட்ட ஏ.எஸ்.ஐ.1600 போன்ற சீமாஸ் படக்கருவிகள் அக்கலக்கத்தை விரைவிலேயே போக்கின. பின்பு வந்த சோனியின் ஐ.எம்.எக்ஸ். 571, 533 ஆகிய உணரிகளின் இருள் மின்னோட்டம், பழைய சி.சி.டி.களோடு ஒப்பிடத் தகாத அளவுக்குச் சிறியது.

வரலாற்றின் திருப்பம் இதுதான் என்று கருதுகிறேன். குளிரின் இரண்டாம் வேலை, அதாவது பொய் மின்னணுக்களைக் கொல்லுதல், பெருமளவு உணரியின் உள்ளேயே முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது மூன்றாம் வேலை: நிலைப்பாடு. தொலைநோக்கியை மூடிவைத்து, அதே ஒளிகாட்டும் நேரத்தில், அதே வெப்பநிலையில் எடுக்கும் வெற்றுப் பதிவை வானப் படத்திலிருந்து கழிப்பது வழக்கம். இதை இருட்படம் என்கிறோம். ஒளிப்படம், நிழற்படம், புகைப்படம் என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வைத்த தமிழில் நான்காவதாக இது சேர்ந்திருக்கிறது. முதல் மூன்றும் படத்தில் தெரிவதைப் பற்றியவை, இது ஒன்றே தெரியக்கூடாததைப் பற்றியது. உணரியின் வெப்பநிலை இரவு முழுதும் மாறிக்கொண்டிருந்தால் இருட்படம் பொருந்தாது. குளிரூட்டி இல்லாத சாதாரணக் கேமராவில் மாலை ஏழு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் உணரியின் வெப்பம் வேறு வேறு. கழித்தல் கணக்கே குழம்பும். குளிரூட்டிய படக்கருவியில் ஒரு வெப்பநிலையைக் குறித்துவிட்டால், ஒருமுறை எடுத்த இருட்படத் தொகுதி பல மாதங்களுக்குப் பயன்படும்.

இனி நம் நிலப்பகுதிக்கு வருவோம். நகரிச் சமவெளியில் ஏப்ரல், மே மாத முன்னிரவில் வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். சனவரி விடியலில் 18-ஐ ஒட்டி இறங்கும். சுற்றுப்புறத்துக்குக் கீழே 35 டிகிரி குளிரும் கருவி, கோடையில் -5-ஐத் தொடும். குளிர்காலத்தில் -17-ஐத் தொடும். வெளிநாட்டு வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் -20 நமக்கு ஆண்டில் ஓரிரவும் எளிதாகக் கிட்டாது. கிட்டவும் தேவையில்லை. 30 டிகிரியிலிருந்து -5-க்கு இறங்கினால் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ 57-இல் ஒரு பங்காகிறது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிடைக்கும் ஆதாயம், வானத்தின் சொந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும். வடமேற்கே திருப்பதி, தென்கிழக்கே சென்னை. இரண்டின் ஒளிக்கூம்புக்கு நடுவே இருக்கிறது இந்தப் பகுதி. f/5 தொலைநோக்கியில் 3.76 மைக்ரான் படப்புள்ளியின் மீது சிறுநகர வானம் நொடிக்கு ஒரு மின்னணு என்ற அளவில் கொட்டுகிறது. புதிய உணரியின் இருள் மின்னோட்டம் 0 டிகிரியிலேயே அதன் நூறில் ஒரு பங்குக்கும் கீழ்.

மின்விளக்கே இல்லாத வானமும் முழு இருள் அன்று. திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம், மேல்வளிமண்டல அணுக்களும் மூலக்கூறுகளும் இரவில் தாமே உமிழும் மெல்லொளியைக் குளிரூட்டிய சி.சி.டி. கொண்டு முழுவானப் படமாகப் பதிவு செய்கிறது. நமக்கு இடையூறாகத் தோன்றும் அந்த ஒளிர்வே அவர்களுக்கு ஆய்வுப் பொருள். சித்தூர்-திருப்பதிப் பகுதியில் குளிர்ந்த உணரியின் பயனை அறிய விரும்பும் மாணவர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஆண்டு முழுதும் எட்டக்கூடிய ஒரே வெப்பநிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள், இச்சமவெளிக்கு -5 பொருத்தம். அதனை உறுதியாகப் பிடித்து நிறுத்தும் கருவி போதும். 45 டிகிரி குளிரும் கருவிக்குக் கூடுதல் பணம் தரவேண்டாம். ஒரு விலக்கு உண்டு. ஹைட்ரஜன் ஆல்பா (656.3 நானோமீட்டர்) போன்ற குறும்பட்டை வடிப்பான்களோடு ஒற்றைநிறப் படக்கருவியைப் பயன்படுத்துவோருக்கு வான வெளிச்சம் பல பத்து மடங்கு குறைந்துவிடும், அப்போது இருள் மின்னோட்டம் மீண்டும் கணக்கில் வரும். அவர்கள் குளிர்காலத்துக்கென -15-இல் இரண்டாவது இருட்படத் தொகுதி ஒன்றை வைத்துக்கொள்வது தகும்.

மிஞ்சும் பணத்தை எங்கே செலவிடுவது? முதலில் உணரியின் ஓரத்தில் மின்சுற்று உண்டாக்கும் ஒளிக்கசிவு இல்லாத உணரிக்கு. பழைய சீமாஸ் உணரிகளில் இது பெருந்தொல்லை. 571, 533 இரண்டிலும் இல்லை. 533-இன் சதுர உணரி 11.3 மில்லிமீட்டர் பக்கமுடையது. சிறிய தொலைநோக்கிக்கும் சிறிய கல்லூரி நிதிக்கும் ஏற்றது. இரண்டிலும் படப்புள்ளி 3.76 மைக்ரான். 400 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் அது 1.94 வில்வினாடியைக் காணும். 1000 மில்லிமீட்டரில் 0.78. சமவெளியின் காற்று விண்மீனை இரண்டு மூன்று வில்வினாடி அகலத்துக்குக் கலைத்துவிடும் என்பதால், குறுகிய குவியத்தூரமே இங்கே நியாயம்.

அடுத்து ஈரம். குளிர்ந்த உணரியின் முன்னுள்ள கண்ணாடியில் பனி படியாமல் காக்கும் சிறு சூடேற்றி இருக்கிறதா, உணரி அறையின் ஈரமுறிஞ்சியை நாமே மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். உலர்பனிக்கட்டிக் காலத்தின் பழைய எதிரி இன்னும் ஓய்வு பெறவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி இரவுகளில் அதன் வலு தெரியும். பிறகு மின்சாரம். பெல்ட்டியே முழுவேகத்தில் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். 40 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம் என்றால், ஆறரை மணி நேரம். குளிரை இலக்காக வைத்துக் கருவியை முழு விசையில் ஓட்டுவோர் விடியலுக்கு முன்பே மின்கலத்தை இழப்பர். -5-இல் நிறுத்துவோருக்குக் குளிர்கால இரவுகளில் பாதி விசையே போதும்.

பாப்பு எந்தத் தென்வானத்துக்காகக் காவலூரைத் தேர்ந்தாரோ, அந்த வானம் இங்கும் கிட்டத்தட்ட அவ்வளவே திறந்திருக்கிறது. மார்ச் இறுதியில் இரவு பத்தரை மணியளவில் ஈட்டா கரினா விண்முகில் தெற்கு அடிவானத்துக்கு மேலே 17 டிகிரியில் உச்சம் காணும். மே தொடக்கத்தில் அதே நேரத்தில் ஒமேகா சென்டாரி 29 டிகிரியில் நிற்கும். ஐரோப்பியப் பட்டியல்களை எழுதுவோரில் பலருக்கு இவை எழுவதே இல்லை. நமக்கோ இவை உச்சத்தில் நிற்பது கருவி -5-க்குக் கீழே இறங்க மறுக்கும் அந்தக் கோடை இரவுகளிலேதான்.